புது ரப்பர் போட்ட கதவு

எங்கள் குளிர் அறையின் சுவரில், கதவுக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்றுத் துளை உண்டு. அதை என் அப்பா அடைத்துவிட்டார். ஏன் அடைத்தார் என்று விசாரித்துக்கொண்டு போனால் பழி கடைசியில் என் தலையில்தான் வந்து விழும். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் புளியந்தீவில் ஒரு சின்னத் தொழில்நுட்ப நிறுவனத்தில் குளிரூட்டல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாலை வகுப்புகள் கணினி வழியாக. எங்கள் வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே ஆரையம்பதி வாவிக்கரையில் அப்பாவின் மீன் கடைக் குளிர் அறையோடு ஒட்டிய அலுவலகத்தில் இருந்துதான் பாடம் நடத்தினேன். அப்பா வெளியே ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். தான் கேட்பது எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்தார். நானும் தெரியாதவள் மாதிரியே இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பாசமெல்லாம் இப்படித்தான், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடக்கும்.

ஒரு நாள் கொம்பிரசர் பாடம். எந்திரப்பி மாறாத செயன்முறை என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "வாயுவை நெருக்கும்போது வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வரக்கூடாது. உள்ளேயிருந்து வெளியே போகவும் கூடாது. உராய்வும் இருக்கக்கூடாது. அப்படி நடந்தால் ஒன்றுமே வீணாகாது. வரைபில் அது செங்குத்தான ஒரு நேர்கோடு. நெருக்கிய வாயுவை விரியவிட்டால் போன வழியாலேயே திரும்பி வந்துவிடும், எதையும் இழக்காமல்." எந்திரப்பி என்பது என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். நடந்ததை நடக்காததாக்க முடியாதபடி சேர்ந்துகொண்டே போகிற கீறல்களின் அளவு என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு பாடத்தின் மற்றப் பாதிக்கு வந்தேன். அப்படியொரு இயந்திரம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. உண்மையான கோடு எப்போதும் வலப்பக்கம் சாயும், ஒருக்காலும் இடப்பக்கம் சாயாது. இதைச் சொல்லத் தொடங்கியபோது வெளியே மீன்பெட்டி கிறீச்சிட்டது. அப்பா எழும்பிப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

என் அப்பா இராசதுரை அடிக்கடி எழும்பிப் போகிறவர். பேச்சு கொஞ்சம் கடுமையானால் போதும், "ஐஸ் பாக்கோணும்" என்று சாறத்தை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அக்கா கலியாணம் முறிந்தபோதும் ஐஸ் பார்த்தார். அம்மாவுக்குக் கட்டி என்று டொக்டர் சொன்ன நாளிலும் ஐஸ்தான் பார்த்தார். அந்தக் கட்டி பிறகு ஒன்றுமில்லை என்று ஆனது. ஆனால் அம்மா அந்த நாளை மறக்கவில்லை.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மகளுக்கு வீட்டைக் கட்டி அவள் பெயருக்கு எழுதி, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு வரவழைப்பார்கள். தாயும் தகப்பனும் பின் வளவில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். வெளியூர்ச் சிநேகிதிகள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள். புகுந்த வீடு இல்லை, மாமியார் இல்லை, உனக்கென்ன குறை என்பார்கள். குறையில்லைதான். ஆனால் வீட்டைக் கையில் தந்துவிட்டால் அந்தப் பெண் எங்கே போவாள்? அக்காவுக்குக் கட்டியதை அக்காவே வைத்துக்கொண்டாள். எனக்காகப் பழைய வீட்டை இடித்து, மேல்தட்டும் வைத்து, அப்பா புதிதாகக் கட்டினார். அவரும் அம்மாவும் அப்போதே பின்னால் தகரக் கொட்டிலுக்குப் போய்விட்டார்கள். நானும் அவர்களோடு அங்கேதான் படுத்தேன். புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுகிற குடிபூரல் அடுத்த திங்கட்கிழமை. அன்றைக்கே கல்லாற்றிலிருந்து எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டாரும் வருவதாக ஏற்பாடு.

அதே திங்கட்கிழமை நான் கொழும்புத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. கப்பலில் வரும் குளிர் கொள்கலன்களைச் சோதிக்கிற வேலை. அதற்கு எடுபட்ட ஒரே பெண் நான். அப்பாவிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயெடுத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் ஐஸ் பார்க்கப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரே என்னைக் கூப்பிட்டார். பெண்பிள்ளை என்றாலும் அவருக்கு நான் 'மனே'தான்.

"மனே, கொம்பிரசர் நிக்காம ஓடுது. குழாயில கை வைக்க ஏலா. வந்து பாரு."

அன்று இரவு பஸ்ஸுக்கு நான் இடம் பிடித்திருந்தேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

குழாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். இருக்கவேண்டியதை விட மிகவும் சூடு. நேர்கோட்டில் ஏற வேண்டிய வாயு தறிகெட்டு வலப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஆவியாக்கிச் சுருளில் பனி கட்டி அடைத்திருக்கும் என்று ஊகித்தேன். "உள்ள பாப்பம்" என்றேன். கைபேசியை வெப்பமானியோடு வெளியே கொம்பிரசர் மேலேயே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் கதிரவெளியிலிருந்து வந்த மீனை நிஸ்தார் இறக்கி முடித்திருந்தான். காத்தான்குடிப் பெடியன், எங்கள் லொறி ஓட்டுகிறவன். இறக்கி முடியும்வரை கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வாவிக்கரையின் புழுக்கமெல்லாம் உள்ளே போய் நிறைந்திருந்தது. "மஃரிபுத் தொழுகைக்குள்ள வந்திருவன் முதலாளி" என்று சொல்லிவிட்டு அவன் லொறியை எடுத்துக்கொண்டு திரும்பவும் கதிரவெளிக்குப் போனான். நானும் அப்பாவும் உள்ளே நுழைந்தோம். அப்பா வழக்கம்போலக் கதவை இழுத்துச் சாத்தினார். குளிர் வீணாகப் போகக்கூடாது அவருக்கு. ஆள் உள்ளே நின்றாலும் கதவு மூடித்தான் இருக்க வேண்டும்.

சுருளில் பனி சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஏறியிருந்தது. நினைத்தது சரிதான். கதவு ரப்பர் கிழிந்து, ஈரக் காற்று எத்தனையோ மாதமாக உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது.

"ரப்பர் மாத்தோணும் அப்பா."

"மாத்திட்டன். நேத்துத்தான் புதுசு போட்டன். இப்ப ஒரு எறும்பு பூர ஏலா." குரலில் பெருமை.

கொஞ்ச நேரம் சுருளைச் சுற்றிப் பார்த்தேன். போதும், வெளியே போகலாம் என்று கதவின் உள்கைப்பிடியைத் தள்ளினேன். கைப்பிடி அசைந்தது. கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அப்பாவும் வந்து தள்ளினார். வெளியே யாரோ லொறியைக் கொண்டுவந்து கதவோடு சாத்திவிட்டுப் போனது போல இருந்தது. பக்கச் சுவரின் தகடு மெதுவாக உள்ளே வளைந்து முனகியது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே அடைபட்ட சூடான காற்று குளிர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. சுருங்கினால் உள்ளே அமுக்கம் குறையும். வெளியே இருக்கிற வானம் முழுவதும் கதவை உள்நோக்கி அமுக்கும். அது நடக்காமல் இருக்கத்தான் குளிர் அறைக்குக் காற்றுத் துளை வைப்பது. இத்தனை நாளும் கிழிந்த ரப்பர் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இப்போது புது ரப்பர். அப்படியென்றால் துளை?

அண்ணாந்து பார்த்தேன். துளையின் வாயில் பனி உறைந்து கிடந்தது.

"அப்பா, இந்தத் துளையில பனி அடைக்காம ஒரு சூடேத்தி வயர் வருமே, அதெங்க?"

அவர் பெனியனுக்குள் கையைக் கட்டிக்கொண்டார்.

"அப்பா."

"கழட்டிட்டன். கறண்டு வீண்."

"வெளிப்பக்கம்?"

"தகரத்துண்டு வெச்சு சிலிக்கன் பூசியிரிக்கு." பிறகு, "நீதானே சொன்னாய். உள்ள வரவும் கூடா, வெளிய போகவும் கூடா, அப்பதான் ஒண்டும் வீணாகா எண்டு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் குளிர்கூட மறந்துபோனது. "அது படத்தில இரிக்கிற மிசினுக்கு அப்பா. மீன் கடைக்கு இல்ல. படிப்பிச்சவளிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா, ஒளிச்சிருந்து கேட்டது தெரிஞ்சு போகுமே" என்றார் அப்பா.

இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது, தலையில் ஒரு அறுக்குளா மீனைத் தூக்கிப் போடலாம் போலவும் இருந்தது.

தடித்த அங்கி ஒன்றே ஒன்று, அதுவும் வெளியே ஆணியில் தொங்கியது. அப்பா கைபேசி வைத்துக்கொள்வதில்லை, என்னுடையதோ வெளியே. அம்மாவோ கொட்டிலில் குடிபூரலுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருப்பாள். நாங்கள் கடையில் என்று நிம்மதியாக இருப்பாள். கத்திப் பார்த்தோம். அந்தச் சுவரைத் தாண்டிச் சத்தம் போகாது. நிஸ்தார் வரும்வரை இருந்தால் விறைத்துப்போவோம், அதுவும் அப்பா நிச்சயமாக. ஏற்கனவே அவர் உதடு கறுத்திருந்தது.

அவர் ஒரு மீன்பெட்டியில் உட்கார்ந்தார். நான் எதிரில் நின்றேன். அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: இந்த மனிதர் இன்றைக்கு எழும்பிப் போக முடியாது. ஐஸ் பார்க்க வேண்டுமென்றாலும் ஐஸ் இங்கேதான் இருக்கிறது. துளையை உடைப்பதைப் பற்றித்தான் நான் பேசியிருக்க வேண்டும். உயிர் போகிற நேரத்தில் நான் வேலையைப் பற்றிப் பேசினேன்.

"அப்பா, எனக்குக் கொழும்பில வேல கிடைச்சிருக்கு. திங்கக்கிழம சேரோணும். இரவு பஸ்ஸுக்குப் போகப் போறன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பழக்க தோசத்தில் எழும்பினார், கதவைப் பார்த்தார், மறுபடியும் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமதான் குடிபூரல்."

"தெரியும்."

"வீடு முடிஞ்சுது புள்ள. மேல்தட்டுக்கு வாவிப் பக்கம் யன்னல் வெச்சிரிக்கு. உனக்கு வாவி பாக்க விருப்பமெண்டு."

"வீடு வேணுமெண்டு நான் கேட்டனா அப்பா?"

இதை நான் சொல்லியிருக்கக்கூடாது. சொன்னது உண்மைதான். அதனால்தான் சொல்லியிருக்கக்கூடாது. அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவர் இன்னொரு தடவை முனகியது, முந்தியதை விடக் கிட்ட.

"உன்னக் கேக்காம வெச்ச வீடுதான்" என்றார் கடைசியில். "பொம்பிளப் புள்ளயக் கேட்டா இஞ்ச வீடு வெப்பாங்க? என்ர அம்மாவக் கேக்கல்ல. உன்ர அம்மாவயும் கேக்கல்ல."

"அம்மாட்டக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா?"

"தெரியா" என்றார். அவர் அதை யோசித்துப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. முதல் முறையாக யோசித்திருப்பார். பற்கள் அடிக்கத் தொடங்கின அவருக்கு.

அதைக் கண்டதும் என் வீறாப்பெல்லாம் ஓடிப்போனது. "எழும்புங்க. துளைய உடைக்கோணும். எனக்கு எட்டாது" என்றேன். பெட்டிகளை இழுக்கிற இரும்புக் கொக்கி மூலையில் கிடந்தது. மீன்பெட்டிகளை அடுக்கி, ஏறச் சொல்லிக் கையில் கொடுத்தேன். விழாமல் இருக்க அவர் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஐஸில் நடந்து நடந்து மரத்துப்போன கால்கள்.

அவர் கொக்கியை ஓங்கினார். பிறகு இறக்கினார்.

"என்ன?"

"உடைச்சா நீ போயிருவாய்தானே."

"உடைக்காட்டி ரெண்டு பேரும் போயிருவம் அப்பா."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. அடிக்க ஆரம்பித்தார். பனி சில்லுச் சில்லாக என் தலையில் விழுந்தது. கொக்கி தகரத்தில் பட்டு ணங்கென்றது. இன்னும் அடித்தார். எனக்குக் கை உணர்வற்றுப் போய்க்கொண்டிருந்தது. பிறகு சிலிக்கன் ஓரத்தில் கிழிந்தது. கிழிந்த இடத்தால் காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தது. குழாயின் குறுகலில் வேகமெடுத்து வரும் காற்றை நான் எத்தனையோ தடவை பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். அது இவ்வளவு பெரிய சத்தம் போடும் என்று பலகையில் தெரியாது.

அப்பா துளையின் முன்னே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வெளியிலிரிந்து உள்ளுக்கு வருது" என்றார், ஆச்சரியமாக. "நான் உள்ள இரிக்கிறதுதான் வெளிய போகுதெண்டு நினைச்சன்."

ஊளை மெல்ல அடங்கியது. நான் போய்க் கைப்பிடியைத் தள்ளினேன். கதவு ஒன்றுமே நடக்காதது போலத் திறந்தது. வெளியே வெயில், மீன் கவுச்சி, வாவியின் சேற்று மணம். இரண்டு பேரும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து நடுங்கினோம். அவர் எழும்பிப் போய் அந்த ஒரே அங்கியை எடுத்துவந்து என் மேல் போட்டார். நான் பிடுங்கி அவர் மேல் போட்டேன். கொஞ்ச நேரம் அதுவே நடந்தது.

நான் கொழும்புக்குப் போவதை அம்மாவிடம் அப்பாதான் சொன்னார். அம்மா அழவில்லை, திட்டவுமில்லை. பலகாரத்தில் பாதியைப் பொதி கட்டி என் பைக்குள் வைத்தாள். கல்லாற்றுக்காரருக்கு என்ன சொல்வது என்று நான் கேட்டதற்கு, "அத நாங்க சொல்லிக்குவம்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் நிலையம்வரை அப்பா வந்தார். பஸ் புறப்படுமுன் மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் வைத்தார். புது வீட்டு வாசற்கதவுச் சாவி.

"நீங்க போய் இருங்க அப்பா அந்த வீட்டில. எனக்கு ஏன் இது?"

"உன்ர பேரில இரிக்கிற வீடு. நீ வந்து பால் காய்ச்சாம நாங்க எப்பிடிப் பூர்ற?" பிறகு, படிக்கட்டில் காலை வைத்த என்னைப் பார்த்து, "மனே, அந்த நேர்கோடு. அதில போனா போன வழியாலயே திரும்பி வரலாம் எண்டாய். வரலாம்தானே?" என்றார்.

மற்றப் பாதியைக் கேட்காமல் எழும்பிப் போன மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பாடம் நடத்தவா முடியும்?

"ஓம் அப்பா. வரலாம்."

தலையை ஆட்டிக்கொண்டு அவர் விலகி நின்றார்.

இப்போது துறைமுகத்தில் எனக்கு நாள் முழுக்கக் குளிர் கொள்கலன்களோடுதான் வேலை. ஒவ்வொன்றிலும் ஒரு காற்று மூடி இருக்கும். மற்றவர்கள் அதைக் கடைசியில் பார்ப்பார்கள். நான் முதலில் பார்க்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கிறார்கள். ஆனாலும் என் பையின் உள்ளறையில் ஒரு சாவி கிடக்கிறது. பஸ் சீட்டுக்காகத் துழாவும்போதெல்லாம் அது விரலில் படுகிறது.

மாரி தொடங்கியதும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேச்சுக்குப் பின்னால் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கொட்டிலுக்குள்ளதான் புள்ள. மேற்குப் பக்கம் ஒழுகுது. சட்டி வெச்சிரிக்கு."

முன்னால் மேல்தட்டு வைத்த வீடு. பின்னால் இரண்டு பேர் சட்டி வைத்து மழை பிடிக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது.

"பூட்ட உடைச்சிட்டுப் போய் இருங்க அம்மா. இல்லாட்டி நான் சாவிய அனுப்புறன்."

"உன்ர அப்பா விடமாட்டார். நீ திரும்பி வாறதெண்டு சொன்னியாம். படிப்பிலயே இரிக்காம்."

"அப்பாட்டக் குடுங்க."

தொலைபேசி கைமாறியது. பிறகு அவர் மூச்சு.

"அப்பா, அண்டைக்கு பஸ் நிலையத்தில நான் பொய் சொன்னன். அந்த நேர்கோடு படத்தில மட்டும்தான். அப்பிடியொரு மிசின் உலகத்தில இல்ல. நீங்க மற்றப் பாதியக் கேக்காம எழும்பிப் போயிட்டீங்க."

எழும்பிப் போய்விடுவார், ஐஸ் பார்க்கவேணும் என்பார் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை.

"போகல்ல மனே" என்றார். "பெட்டியத் தள்ளிப் போட்டு, கதவுக்குக் கிட்ட வந்து இருந்தன். முழுசாக் கேட்டுட்டுத்தான் எழும்பினன்."

தகரத்தில் மழை இன்னும் பலமாக விழுந்தது. சட்டி நிறைஞ்சிட்டு, ஊத்திப் போட்டு வாறன் என்று அவர் சொன்னார். நான் காதில் தொலைபேசியை வைத்தபடி காத்திருந்தேன்.